எந்தக் கரையில் வீடு, எந்தக் கரையில் பள்ளி: சிறு பிள்ளைகளோடு மதுரைக்குக் குடிவந்த அனுபவம்

பெங்களூரை விட்டு மதுரைக்கு வருகிறோம் என்று சொன்னதிலிருந்து எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளைகள எந்த ஸ்கூல்ல சேக்கப் போறீங்க?" என்பதுதான். அடுத்த கேள்வி, "எந்த ஏரியாவுல வீடு?" இரண்டுக்கும் நடுவில் ஒரு சாலை இருக்கிறது, பிள்ளைகள் தினமும் இரண்டு வேளை அதில் போய்வர வேண்டும் என்பதை மட்டும் யாரும் பேசவில்லை. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அந்தச் சாலைதான் முதல் முடிவு என்பது என் உறுதியான எண்ணம். வீடும் பள்ளியும் அதற்கு அடுத்ததுதான்.

எங்கள் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். கணவருக்கு இலந்தைக்குளம் எல்காட் ஐ.டி. பூங்காவில் வேலை. அது ஊருக்குக் கிழக்கே, பாண்டி கோயிலைத் தாண்டி. மாமனார் மாமியார் இருப்பது உசிலம்பட்டி, ஊருக்கு மேற்கே. எனக்கு வீட்டிலிருந்தே செய்கிற கணக்கு வேலை. மகள் பெங்களூரில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். மகனுக்கு மூன்று வயது முடிந்து சில மாதங்கள். வேலை ஒரு பக்கம், தாத்தா பாட்டி இன்னொரு பக்கம், நடுவில் மொத்த மதுரையும் வைகையும்.

வரைபடத்தில் பார்த்தால் மதுரை கைக்குள் அடங்குகிற ஊர்தான். திருநகரிலிருந்து அண்ணா நகருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். பெங்களூரில் இருந்தவர்களுக்கு இது ஒரு தூரமே இல்லை என்று தோன்றும். ஆனால் ஊர் வைகைக்கு இரண்டு கரையிலும் பரவிக் கிடக்கிறது. ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போக ஏ.வி. பாலம், யானைக்கல் பாலம், குருவிக்காரன் சாலைப் பாலம், ஓபுளா படித்துறைப் பாலம், ஆரப்பாளையம் பக்கத்துப் பாலம் என்று சில வழிகளில்தான் எல்லா வண்டியும் போய்ச் சேர வேண்டும். காலை எட்டரை மணிக்கு கோரிப்பாளையத்தில் நின்று பார்த்தால் மீதி புரிந்துவிடும். ராஜாஜி மருத்துவமனைக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், டவுன் பஸ், ஷேர் ஆட்டோ, அதற்கு நடுவே மஞ்சள் நிறப் பள்ளி வண்டிகள். வேனின் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்குகிற யூ.கே.ஜி. பிள்ளைகளை அந்த சிக்னலில் பார்த்தேன். அவர்கள் வீட்டில் ஆறு மணிக்கே எழுப்பியிருப்பார்கள்.

பார்த்துவிட்டு வந்ததும் நாங்கள் போட்ட முதல் கணக்கு இதுதான்: பள்ளியும் வீடும் ஆற்றின் ஒரே கரையில் இருக்க வேண்டும். முடிந்தால் அப்பாவின் வேலையும் அதே கரையில். திடீரென்று காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தால் இரண்டு பேரில் ஒருவராவது பாலம் தாண்டாமல் போய்ச் சேர முடிய வேண்டும். இந்த ஒரு கணக்கே ஊரைப் பாதியாகக் குறைத்துக் கொடுத்தது. எங்களுக்கு வடகரை அமைந்தது. உங்கள் வேலை விமான நிலையப் பக்கமோ திருப்பரங்குன்றம் பக்கமோ இருந்தால் தென்கரை அமையும்.

தென்கரையை மனதார விரும்பினோம், ஆனாலும் விட்டோம். திருநகர் எனக்கு மிகவும் பிடித்த இடம். தெருக்கள் நேராக, அகலமாக, நிழலாக இருக்கின்றன. சாயங்காலம் பிள்ளைகள் தெருவில் சைக்கிள் விடுகிறார்கள். நாகமலை புதுக்கோட்டையும் அப்படித்தான். மலைக்காற்று, பல்கலைக்கழகம் பக்கம், கீழக்குயில்குடி சமணர் மலை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு நல்ல இடம். உசிலம்பட்டி பஸ் வாசலிலேயே நிற்கும். மாமனாருக்கு நாங்கள் அங்கே இருக்க வேண்டும் என்றுதான் ஆசையாக இருக்கும் என்று நினைத்து, தயங்கித்தான் விஷயத்தைச் சொன்னோம். அவர் சட்டென்று சொல்லிவிட்டார்: "நாங்க வர்றதுக்கு பஸ் இருக்குத்தா. ஆரப்பாளையத்துல எறங்கி டவுன் பஸ் ஏறுனா வந்துருவோம். புள்ள தெனமும் ஆத்தத் தாண்டிப் போறதுதான் சங்கடம்." பெரியவர்கள் மாதத்தில் ஒன்றிரண்டு முறை அலைவதும், ஆறு வயதுப் பிள்ளை தினமும் அலைவதும் ஒன்றல்ல என்பதை அவர் ஒரு நொடியில் பார்த்துவிட்டார். வேலை, பெரியவர்கள், பள்ளி என்று மூன்று பக்கமும் இழுபடும்போது யாருடைய பயணம் தினசரிப் பயணம் என்று பாருங்கள். அதற்குத்தான் முதல் இடம்.

இடம் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மே மாதம் வந்து பார்க்காதீர்கள். பள்ளி விடுமுறையில் மதுரைச் சாலைகள் வேறு மாதிரி இருக்கும், சித்திரைத் திருவிழா சமயத்தில் இன்னும் வேறு மாதிரி. பள்ளி நடக்கிற ஒரு வேலை நாளில், மணி அடிக்கிற நேரத்துக்கு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, வீடு இருக்கும் இடத்திலிருந்து பள்ளி வாசல் வரை போய்ப் பாருங்கள். நாங்கள் ஜனவரியில், பொங்கல் முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் வந்தோம். கொழுந்தனாரின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு காலையிலும் மாலையிலும் சுற்றினோம். காலையை விட பள்ளி விடுகிற நேரம்தான் அதிகம் சொல்லிக்கொடுத்தது. எந்தப் பள்ளி பிள்ளைகளை வாசலுக்குள் வரிசையாக நிறுத்தி, ஆளைப் பார்த்து அனுப்புகிறது, எந்தப் பள்ளி கேட்டைத் திறந்து சாலையில் விட்டுவிடுகிறது என்பது சாயங்காலம்தான் தெரியும். அந்த நேரத்தில் வாசலில் காத்திருக்கும் அம்மாக்களிடமும் தாத்தாக்களிடமும் பேசினால் எந்த விளம்பரத் தாளிலும் இல்லாத செய்தி கிடைக்கும். கேட்க வேண்டியது, "ஸ்கூல் நல்லா இருக்கா?" என்பதை அல்ல. அதற்கு எல்லோரும் "நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். "உங்க பிள்ளை போன வருஷ டீச்சர் இன்னும் இருக்காங்களா?" என்று கேளுங்கள். பதில் விவரமாக வரும்.

வேனில்தான் அனுப்ப வேண்டும் என்றால், வேனை நிற்கும்போது பார்க்காமல் பிள்ளைகள் ஏறிய பிறகு பாருங்கள். எத்தனை பேர், உதவியாளர் இருக்கிறாரா, கடைசியாக இறங்கும் பிள்ளை எத்தனை மணிக்கு வீடு சேர்கிறது. 2012-ல் சென்னையை அடுத்த சேலையூர்ப் பள்ளி ஒன்றின் பேருந்துத் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. ஒவ்வொரு ஆண்டும் பள்ளி திறப்பதற்கு முன் அதிகாரிகள் பள்ளி வாகனங்களை வரிசையாக நிறுத்திச் சோதிக்கிறார்கள். ஆனால் அந்தச் சோதனை பள்ளியின் பெயரில் ஓடும் வண்டிகளுக்கு. தெருவில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு போகும் தனியார் வேனையும் ஆட்டோவையும் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் வீடு. அண்ணா நகர், கே.கே. நகர், நரிமேடு, பீபிகுளம், ஐயர் பங்களா, ஊமச்சிகுளம் வரை பார்த்தோம். ஐயர் பங்களா தாண்டி நத்தம் சாலையில் புது வீடுகள் நிறைய. வாடகையும் குறைவு. 2023-ல் திறந்த ஏழு கிலோமீட்டர் பறக்கும் பாலத்தைக் காட்டி, "பாலத்துல ஏறுனா தல்லாகுளம்" என்கிறார்கள் தரகர்கள். பாலம் அருமையான பாலம்தான். ஆனால் பள்ளி வேன் தெருத்தெருவாக ஏற்றிக்கொண்டு கீழே உள்ள சாலையில்தான் வரும். அதைத் தரகர் சொல்ல மாட்டார்.

அந்தப் பக்கம் பார்த்த ஒரு வீட்டை மறக்க முடியாது. இரண்டு படுக்கையறை, புது டைல்ஸ், மாடியில் காற்று. வீட்டுக்காரர் நாங்கள் கேட்பதற்கு முன்பே, "தண்ணிப் பிரச்சனையே கிடையாது" என்றார். குளியலறைக் குழாயைத் திறக்கப் போனேன். பொருத்தி ஒரு வருடம்கூட ஆகாத குழாயின் வாயைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஷவரில் பாதி ஓட்டை அடைத்திருந்தது. வெளியே வந்து தெருவைப் பார்த்தால் எல்லா வீட்டு கேட்டுக்குப் பக்கத்திலும் நீல டிரம். எதிர் வீட்டு அக்காவிடம் கேட்டேன். "குடிக்க கேன் தண்ணி, புழங்க லாரித் தண்ணி, போர்த் தண்ணி பாத்ரூமுக்கு மட்டுந்தான்" என்றார். கைக்குழந்தையோ மூன்று வயதுப் பிள்ளையோ இருக்கும் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை முறை துணி அலச வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வாடகையில் மிச்சமாவது லாரித் தண்ணீருக்குப் போகும்.

அதனால் வீடு பார்க்கும்போது குழாயின் வாயையும் வாளியின் அடியையும் பாருங்கள். மாநகராட்சித் தண்ணீர் அந்தத் தெருவுக்கு எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு வருகிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டில் கேளுங்கள். 2011-ல் மதுரை மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாகப் பெரிதானது. ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம், திருநகர் எல்லாம் அப்போது உள்ளே வந்தவை. பெயர் மாநகராட்சி என்று மாறிய வேகத்தில் குழாயும் பாதாளச் சாக்கடையும் எல்லாத் தெருவுக்கும் வரவில்லை. வேலை நடக்கும் தெருவென்றால், தோண்டிப் போட்ட பள்ளத்தின் ஓரமாகத்தான் பிள்ளை பள்ளிக்கு நடக்க வேண்டியிருக்கும்.

தண்ணீர் இல்லாதது ஒரு கவலை என்றால், வந்து நிற்பது இன்னொன்று. மதுரை கண்மாய்களின் ஊர். உயர் நீதிமன்றக் கிளையே உலகனேரிக் கண்மாய் இருந்த இடத்தில்தான் நிற்கிறது. பள்ளத்தில் உள்ள தெரு வெயில் காலத்தில் அடையாளமே காட்டாது. 2024 அக்டோபர் 25 அன்று கொஞ்ச நேரத்தில் கொட்டிய மழையில் செல்லூர், நரிமேடு, ஆனையூர்ப் பக்கமெல்லாம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பந்தல்குடி வாய்க்கால் நிரம்பித் தெருவில் ஓடியது. வீடு பார்க்கப் போன இடத்திலெல்லாம் நான், "இங்க மழைத் தண்ணி நிக்குமா?" என்று கேட்கவில்லை. "அன்னைக்கு, 2024 தீபாவளிக்கு முந்தின வாரம், இந்தத் தெருவுல தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டேன். தேதியோடு கேட்டால் ஆட்கள் பொய் சொல்வதில்லை. ஒருவர் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். இன்னொருவர் எங்களைக் கூட்டிப்போய் காம்பவுண்டுச் சுவரில் இருந்த கறையைக் காட்டினார்.

கடைசியில் எங்களுக்கு வீடு கிடைத்தது அண்ணா நகரின் உள் தெரு ஒன்றில். கண்டுபிடித்துக் கொடுத்தவர் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணன். எந்த வீட்டில் யார் எத்தனை வருடமாக இருக்கிறார்கள், எந்த வீட்டில் வருடத்துக்கு ஒரு குடும்பம் மாறுகிறது, எந்த வீட்டுக்காரர் மோட்டார் ரிப்பேருக்கு மாதக் கணக்கில் இழுப்பார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். "அந்த பச்ச கேட்டு வீட்டுல பேசிப் பாருங்க. வாடக கொஞ்சம் கூடத்தான். ஆனா போன குடித்தனக்காரங்க எட்டு வருஷம் இருந்தாங்க" என்றார். எட்டு வருடம் ஒரு குடும்பம் இருந்த வீட்டுக்கு அதைவிட நல்ல சான்றிதழ் வேண்டியதில்லை. பழைய வீடுதான், சமையலறை சின்னது. தெருவில் ஐந்தாறு வீடுகளில் எங்கள் பிள்ளைகளின் வயதில் பிள்ளைகள். இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறை போய்ப் பார்த்தோம். தெரு விளக்கு எரிகிறதா, நாய்கள் எத்தனை, பக்கத்தில் கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கி உண்டா, டாஸ்மாக் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் பகலில் தெரியாது.

பணத்தைப் பற்றி ஒன்றிரண்டு. மதுரைப் பக்கம் ஒத்திக்கு வீடு எடுப்பது அதிகம். மொத்தமாகச் சில லட்சங்களைக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பிள்ளைகளுக்குப் பள்ளி ஒத்துவருமா என்று தெரியாத முதல் வருடத்தில் ஒத்தி வேண்டாம். பள்ளி பிடிக்காமல் போனாலும் பணம் மாட்டிக்கொண்டு அந்த வீட்டிலேயே இருக்க வேண்டிவரும். ஒப்பந்தக் காலம் முடியும்போது வீட்டுக்காரர் கையில் பணம் இருக்குமா என்பதும் ஒரு கேள்வி. முதல் வருடம் பதினோரு மாத வாடகை ஒப்பந்தம் போதும். கரண்டுக்குத் தனி மீட்டரா, சப்-மீட்டரா என்று கேளுங்கள். தனி இணைப்பு என்றால் இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் உங்களுக்கு வரும். சப்-மீட்டரில் அவர் சொல்வதுதான் கட்டணம்.

பள்ளி விஷயத்தில் எங்கள் வீட்டில் நீண்ட விவாதம் நடந்தது. உறவினர்கள் எல்லோரும் சிபிஎஸ்இ-யா, மெட்ரிக்கா, ஐசிஎஸ்இ-யா என்றே பேசினார்கள். சமச்சீர் கல்வி வந்த பிறகு மெட்ரிக் பள்ளியும் அரசுப் பள்ளியும் பத்தாம் வகுப்பு வரை ஒரே பாடத்திட்டம்தான். என் கருத்தைச் சொல்கிறேன்: ஐந்தாம் வகுப்பு வரை பலகையில் எழுதியிருக்கும் பாடத்திட்டத்தின் பெயரால் பிள்ளைக்குப் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், டீச்சர் நிலையாக இருக்கிறாரா, பிள்ளை கழிவறைக்குப் பயமில்லாமல் போகிறதா, வெளியே ஓட இடம் இருக்கிறதா, வீட்டிலிருந்து எவ்வளவு நேரம் என்பவைதான் அந்த வயதில் கணக்கு. அடிக்கடி வெளிமாநிலத்துக்கு மாற்றல் ஆகிற வேலை என்றால் மட்டும் சிபிஎஸ்இ-க்கு ஒரு நியாயம் உண்டு. மதுரையில் நரிமேட்டிலும் திருப்பரங்குன்றத்திலும் கேந்திரிய வித்யாலயா இருக்கின்றன. மத்திய அரசு ஊழியர்கள் முதலில் அங்கே கேட்டுப் பாருங்கள்.

அரசுப் பள்ளிகளையும் உதவி பெறும் பள்ளிகளையும் பார்க்காமலே விடாதீர்கள். பாரதியார் 1904-ல் தமிழாசிரியராக இருந்த சேதுபதி பள்ளி உட்பட, மதுரையின் பழைய பெரிய பள்ளிகள் பல அரசு உதவி பெறும் பள்ளிகள்தான். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியதே இந்த ஊரில், ஆதிமூலம் மாநகராட்சி தொடக்கப் பள்ளியில்தான். இப்போது உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது வந்துவிட்டது. காலையில் இரண்டு பேரும் வேலைக்கு ஓடும் வீடுகளுக்கு அது சின்ன உதவி இல்லை. 2019 முதல் சில நடுநிலைப் பள்ளி வளாக அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யூ.கே.ஜி. வகுப்புகளும் நடக்கின்றன. எங்கள் தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்த மாநகராட்சிப் பள்ளியையும் போய்ப் பார்த்தோம். தலைமை ஆசிரியை ஒரு மணி நேரம் எங்களோடு உட்கார்ந்து பேசினார். இரண்டு பிள்ளைகளையும் ஒரே வளாகத்தில் விட வேண்டும், மகனுக்கு அங்கே வகுப்பு இல்லை என்பதால் மட்டுமே அதைவிட்டு வேறு பள்ளிக்குப் போனோம்.

பள்ளியைப் பார்க்கப் போனால் வரவேற்பறையில் உட்கார வைத்துத் தாள் கொடுப்பார்கள். எழுந்து போய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். 2025 ஏப்ரலில் இதே மதுரையில், ஒரு மழலையர் பள்ளியின் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து நான்கு வயதுப் பெண் குழந்தை இறந்துபோனாள். அந்தச் செய்தியைப் படித்த பிறகு எந்தப் பள்ளிக்குப் போனாலும் முதலில் தொட்டி மூடியைத்தான் பார்க்கிறேன். மூடி இருக்கிறதா, பெரியவர் தூக்குகிற கனமா, பூட்டு உண்டா. அடுத்து மாடிப்படியின் கைப்பிடி. அடுத்து கூரை. 2004-ல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு கீற்றுக் கொட்டகைகள் போய்விட்டன. ஆனால் தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் இன்னும் சில இடங்களில் இருக்கின்றன. மதுரை வெயிலில் அதன் கீழே எல்.கே.ஜி. பிள்ளை உட்கார முடியாது. வெயில் தாங்காமல் 2023-லும் 2024-லும் பள்ளித் திறப்பையே ஜூனில் தள்ளிவைத்தார்கள். அப்புறம் கழிவறை. காலையில் கழுவி வைத்திருப்பார்கள், மதிய இடைவேளை முடிந்ததும் பாருங்கள். கதவு சின்னப் பிள்ளைக்குத் திறக்க வருகிறதா, வாளி மட்டம் எட்டுகிறதா என்றும் பாருங்கள். மகள் பெங்களூரில் பள்ளிக் கழிவறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் வீடு வருவாள். அதனால் எனக்கு இது படிப்பை விடப் பெரிய விஷயம்.

ஒரு பள்ளியில் மகனை மட்டும் தனி அறைக்குக் கூட்டிப்போய் எழுத்து எழுதச் சொன்னார்கள். எல்.கே.ஜி.யில் சேரப் போகிற பிள்ளை. வெளியே வந்தபோது கையில் பென்சிலை இறுக்கிப் பிடித்திருந்தான், கண் கலங்கியிருந்தது. பிள்ளையையோ பெற்றோரையோ நேர்காணல் வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது, நன்கொடை வாங்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. நேர்காணல் வைத்தால் முதல் முறை இருபத்தைந்தாயிரம் ரூபாய் வரை அபராதம். "யோசித்துச் சொல்கிறோம்" என்று எழுந்து வந்துவிட்டோம். சேர்வதற்கு முன்பே பிள்ளையை இப்படி நடத்துகிற இடத்தில் சேர்ந்த பிறகு என்ன நடக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. கட்டணத்தையும் வாய்ச்சொல்லாகக் கேட்காதீர்கள். தனியார் பள்ளிகளுக்கு அரசின் கட்டண நிர்ணயக் குழு தொகையை முடிவு செய்கிறது, உத்தரவு பள்ளியில் இருக்கும். புத்தகம், சீருடை, வேன், ஆண்டு விழா என்று மேலே வருவதை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

வயதுக் கணக்கை வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஜூலை 31 அன்று ஐந்து வயது முடிந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு, மூன்று முடிந்திருந்தால் எல்.கே.ஜி. கேந்திரிய வித்யாலயாவில் ஒன்றாம் வகுப்புக்கு மார்ச் 31 அன்று ஆறு வயது முடிந்திருக்க வேண்டும். ஒரே பிள்ளை ஒரு பள்ளியில் ஒரு வகுப்பும் இன்னொரு பள்ளியில் ஒரு வகுப்பு குறைவாகவும் ஆகிவிடும். தனியார் பள்ளியில் 25 சதவீத இட ஒதுக்கீட்டில் சேர நினைப்பவர்களுக்கு வருமான வரம்போடு, பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு என்ற கணக்கும் உண்டு. அவர்கள் வாடகை ஒப்பந்தத்தைப் போட்டு முகவரிச் சான்றை முதலில் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அந்த ஒதுக்கீடு கிடையாது.

காகித வேலையில் எங்களை அதிகம் அலைக்கழித்தது மாற்றுச் சான்றிதழ் இல்லை. கணினியில் பிள்ளையின் பெயரை விடுவிப்பது. இப்போது எல்லாப் பிள்ளைகளின் விவரமும் மத்திய அரசின் யுடைஸ் தளத்தில் ஒரு நிரந்தர எண்ணோடு இருக்கிறது. பழைய பள்ளி அதிலிருந்து பெயரை விடுவித்தால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். தமிழ்நாட்டுக்குள்ளேயே மாறுகிறவர்களுக்கு மாநில அரசுத் தளத்தின் எமிஸ் எண், அதில் பொதுத் தொகுப்புக்கு மாற்ற வேண்டும். ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே பழைய பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து இதை முடித்துக்கொள்ளுங்கள். கோடை விடுமுறையில் அந்த அலுவலகத்தில் யாரும் போன் எடுக்க மாட்டார்கள். மாற்றுச் சான்றிதழ் தாமதமானால் பயப்பட வேண்டாம். அதைக் காரணம் காட்டி எட்டாம் வகுப்புக்குட்பட்ட பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்பது சட்டம்.

நாங்கள் சேர்த்தது வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள ஒரு நடுத்தரமான மெட்ரிக் பள்ளி. கட்டடம் பழசு. நடுவில் இரண்டு வேப்ப மரங்கள், அதன் கீழேதான் சின்னப் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். இரண்டாம் வகுப்பு டீச்சர் அங்கே பல வருடமாக இருப்பவர். பெரிய பெயர் கிடையாது. உறவில் சிலருக்கு இதில் வருத்தம்கூட உண்டு. ஆனால் மகள் காலை ஏழரைக்கு எழுகிறாள், உட்கார்ந்து சாப்பிடுகிறாள், தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு போகிறாள்.

அவளுக்கு இருந்த ஒரே கஷ்டம் தமிழ். வீட்டில் தமிழ் பேசினாலும் பெங்களூர்ப் பள்ளியில் இரண்டாம் மொழி கன்னடம், தமிழ் எழுத்தே தெரியாது. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம் படிக்க வேண்டும். வெளிமாநிலத்திலிருந்து வருகிறவர்கள் பள்ளி திறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட வேண்டாம். அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிப்ரவரியிலேயே ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை அச்செடுத்து ஆரம்பித்தோம். தினமும் சாயங்காலம் உசிலம்பட்டித் தாத்தாவுக்குப் போனில் ஒரு வரி படித்துக் காட்ட வேண்டும். அவர் பிழை திருத்த மாட்டார். "இன்னொருக்கா சொல்லு ஆத்தா" என்பார், அவளே திருத்திக்கொள்வாள். மதுரைக்கு வந்த பிறகு பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு டவுன் பஸ் போர்டுகளைப் படிக்க ஆரம்பித்தாள். 'மாட்டுத்தாவணி'யில் தடுக்கி, 'பெரியார்' எளிதாக வந்து, 'திருப்பரங்குன்றம்' வருவதற்குள் பஸ் போய்விடும். அடுத்த பஸ் வரும்வரை வீட்டுக்கு வர மாட்டாள். முதல் பருவத் தேர்வில் தமிழில்தான் மதிப்பெண் குறைவு. டீச்சர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, வகுப்பில் அவளைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி அவசரப்படுத்தவும் இல்லை. டீச்சரைப் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுத்ததன் பலன் இங்கேதான் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போகிறோம். குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, அதுவும் எங்கள் கரையிலேயே. தாத்தா பாட்டி மாதத்தில் ஒன்றிரண்டு முறை ஆரப்பாளையத்தில் இறங்கி வந்துவிடுகிறார்கள். தெருப் பிள்ளைகளோடு மகனுக்கு ஒட்டிக்கொள்ள நாளாயிற்று. பக்கத்து வீட்டுப் பாட்டி தினமும் திண்ணையில் உட்கார்ந்து அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் வெளியே வர வைத்தார்.

இப்போது வீட்டுக்காரர் அடுத்த முறை ஒத்திக்கு மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். இதற்குப் பதில் சொல்வதற்கு முன் மகளின் ஆறாம் வகுப்பைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. மருத்துவப் படிப்பில் உள்ள 7.5 சதவீத ஒதுக்கீடு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத்தான், உதவி பெறும் பள்ளிக்குக் கிடையாது. அதை நம்பி இப்போதே முடிவெடுக்கப் போவதில்லை. ஆனால் வடகரையில் ஆறாம் வகுப்புக்கு என்னென்ன நல்ல பள்ளிகள் இருக்கின்றன என்று பார்த்துவைக்க இந்த ஜனவரியிலும் காலை எட்டரைக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பப் போகிறோம். மகளையும் கூட்டிக்கொண்டுதான்.